மந்திரவாதி ஹீரோ, மொத்தக் குடும்பம்: தியேட்டருக்குக் கிளம்பும் முன்

பறக்கிற ஹீரோ, சுத்தியல் வீசுகிற ஹீரோ என்று குழந்தை குட்டிகளோடு எத்தனையோ படங்களுக்குப் போய்ப் பழகியவர்கள்கூட, பேய், பிசாசு, சூனியம் கலந்த காமிக்ஸ் படம் வரும்போது கொஞ்சம் தடுமாறிப் போகிறார்கள். போஸ்டரில் அதே கம்பெனியின் லோகோ, கடையில் அதே மாதிரி பொம்மை, பள்ளிப் பையில் அதே ஸ்டிக்கர். உள்ளே போய் உட்கார்ந்தால் புதைத்த பிணம் மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்து வருகிறது. 2022 மே மாதம் வெளியான, மந்திரவாதி ஹீரோ டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் இரண்டாம் பாகம் இதற்குச் சரியான உதாரணம். அதை இயக்கிய சாம் ரெய்மி, ஸ்பைடர்மேன் எடுப்பதற்கு வெகு காலம் முன்பே பேய்ப்படத்தில் பேர் வாங்கியவர். அந்தக் கைவரிசையை இதிலும் காட்டியிருந்தார். அந்தப் படத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். இனி வரப்போகிற எந்தப் படத்துக்கும் ஏற்பாடு ஏறக்குறைய இதேதான்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த மாதிரிப் படத்துக்கு நாள், காட்சி, இருக்கை எல்லாவற்றையும் வீட்டில் உள்ள தீவிர ரசிகரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. யார் அதிகம் பயப்படுவாரோ அவரை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையன் எந்த ஷோவில் உட்கார வைத்தாலும் ரசிப்பான். அவன் தங்கைதான் கணக்கு.

எந்த வகைப் பேய் என்று பாருங்கள்

அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954-இல் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டார்கள். ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதுவும் கதையில் வரக் கூடாது என்றார்கள். 1963-இல் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் வந்தபோது அந்த விதி அமலில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் கதைகளில் பயத்தைவிட விசித்திரம் அதிகம்: வேறு உலகங்கள், மிதக்கும் படிக்கட்டுகள், உடம்பை விட்டுப் பிரிந்து திரியும் உயிர். 1971-இல் விதியைத் தளர்த்தினார்கள். உடனே பேய்கள் வரிசை கட்டின. மண்டையோடு தீப்பற்றி எரிய மோட்டார் சைக்கிளில் வரும் கோஸ்ட் ரைடர் 1972-இல், காட்டேரிகளை வேட்டையாடும் பிளேடு 1973-இல்.

இந்தப் பழங்கதை டிக்கெட் எடுக்கிறவருக்கு எதற்கு என்றால், படத்தின் ஹீரோ எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறார் என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். மந்திரவாதி ஹீரோ என்றால் கண்ணைச் சுற்ற வைக்கும் காட்சிகள் நிறைய, ரத்தம் குறைவு. நரகத்தோடு பேரம் பேசியவர் என்றால் உருவமே பயமுறுத்தும். காட்டேரி என்றால் ரத்தம் நிச்சயம், சிறுவர்களை வீட்டில் விட்டுவிடுங்கள். இதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஹெல்பாய் என்கிற அதே கொம்பு வைத்த ஹீரோவுக்கு அமெரிக்காவில் 2004 படம், சின்னப் பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்க மட்டும் செய்கிற பிஜி-13 சான்றிதழ் வாங்கியது. 2019-இல் திரும்ப எடுத்தபோது அதைவிடக் கடுமையான ஆர் வாங்கியது. ஹீரோ ஒருவர்தான், இயக்குநர் வேறு. ஆகையால் இயக்குநர் இதற்கு முன் என்ன படம் எடுத்தார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ட்ரெய்லர் மறைப்பதை அது சொல்லிவிடும்.

சான்றிதழ்

இந்தியாவில் இப்போது யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று பிரித்திருக்கிறார்கள். 2023-இல் வந்த சட்டத் திருத்தத்துக்கு முன் யுஏ என்று ஒரே ஒரு பிரிவுதான் இருந்தது. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் அதில்தான் வந்தது. இப்போது இருக்கிற பிரிவு நிஜமாகவே உபயோகமானது.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. யுஏ-வில் போட்டிருக்கும் வயது பெற்றோருக்கான ஆலோசனை மட்டுமே. 13+ போட்ட படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனால் வாசலில் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை, முடிவு உங்களுடையது. ஏ அப்படி இல்லை. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் அப்பா, அம்மா, தாத்தா யார் கூட வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். காமிக்ஸ் படம்தானே என்று குடும்பமாகக் கிளம்பி, டிக்கெட்டோடு வாசலில் நிற்கிறவர்களை மல்ட்டிப்ளெக்ஸில் சாதாரணமாகப் பார்க்கலாம். கவனிக்காமல் புக் செய்தால் பணம் திரும்ப வருவதும் கஷ்டம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விதி வேறு. அமெரிக்காவில் ஆர் படத்துக்குப் பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களோடு போகலாம். சிங்கப்பூரில் பிஜி13 என்பது ஆலோசனை, ஆனால் என்சி16 போட்டுவிட்டால் பதினாறு நிறையாதவருக்கு இடமில்லை. பிரிட்டனில் 12ஏ என்றால் பன்னிரண்டுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் இணையதளத்தை எந்த ஊரில் இருந்தாலும் பார்க்கலாம், இலவசம்தான். அச்சுறுத்தலும் திகிலும், வன்முறை, காயங்கள் என்று தனித்தனித் தலைப்பில் படத்தில் என்ன வருகிறது என்று நாலு வரியில் எழுதியிருப்பார்கள். ‘யுஏ’ என்ற இரண்டெழுத்தைவிட அந்த நாலு வரி எவ்வளவோ மேல். ஐஎம்டிபி என்கிற சினிமாத் தகவல் தளத்தில் பெற்றோருக்கான பகுதியும் உண்டு. அதை ரசிகர்களே எழுதுவதால் கதை முழுக்க அம்பலமாகியிருக்கும். நமக்கு அதுதான் வேண்டும்.

யார் வரலாம், யார் வேண்டாம்

கைக்குழந்தை வேண்டவே வேண்டாம். தூங்கிவிடும் என்று நினைக்காதீர்கள், அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. பெரும்பாலான மல்ட்டிப்ளெக்ஸ்களில் மூன்று வயதிலிருந்து முழு டிக்கெட். அதை மட்டும் கணக்குப் பார்த்து இரண்டரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முக்கால்வாசிப் படத்தை வராந்தாவில் நடந்தே கழிக்கிறார்கள்.

நாலிலிருந்து ஏழு வயது வரை இன்னொரு சிக்கல். அந்த வயதில் உருவம்தான் பயம். ‘இது கம்ப்யூட்டரில் பண்ணினது, நிஜம் இல்லை’ என்று சொன்னால் தலையாட்டும், ராத்திரி அழும். நல்லவன் ஆனாலும் முகம் கோரமாக இருந்தால் கெட்டவன்தான். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தின் கடைசிப் பகுதியில் ஹீரோவே அழுகிய பிணமாக வந்து நல்லவர்களைக் காப்பாற்றுகிறார். பெரியவர்கள் கைதட்டுகிற அந்தக் காட்சியில் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஹீரோ காணாமல் போய்விடுகிறார். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் இந்தச் சங்கடம் குறைகிறது. ஆனால் அந்த வயதில் வேறொரு பயம் வருகிறது. அம்மா கெட்டவளாக மாறுவது, பிள்ளைகள் அம்மாவைப் பார்த்து நடுங்குவது போன்ற காட்சிகள் அவர்களைத்தான் உறுத்தும். அந்தப் படத்தில் அது இருக்கிறது, போஸ்டரில் இல்லை.

வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், மந்திரச் சண்டைகளில் வெளிச்சம் விட்டு விட்டு மின்னும் என்பதை மறக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கேளுங்கள். உள்ளே இருக்கும்போது அப்படி மின்னினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வது மட்டும் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும்.

பாட்டியைத் தயங்காமல் கூட்டிப்போங்கள். மூட்டு வலி ஒன்றுதான் பிரச்சினை. முனி, காட்டேரி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் கேட்டு வளர்ந்தவரை ஹாலிவுட் பிசாசு அசைக்காது.

நாள், நேரம், டிக்கெட்

பகல் காட்சிதான். பதினொரு மணி அல்லது இரண்டு மணி. படம் முடிந்து வெளியே வரும்போது வெயில் அடிக்க வேண்டும், ரோட்டில் பஸ் போக வேண்டும், எதிரில் யாராவது கரும்புச் சாறு விற்க வேண்டும். பத்து நிமிடத்தில் பாதி பயம் போய்விடும். ராத்திரிக் காட்சி முடிந்து இருட்டில் வண்டியில் வீட்டுக்கு வந்து, ஆளில்லாத வீட்டின் கதவைத் திறப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் முதல் காட்சி பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. கூட்டம், விசில், கத்தல் என்று எல்லோரும் பயந்து ஒதுங்குகிறார்கள். ஆனால் பயம் என்கிற ஒன்று அந்தக் கூச்சலில் நிற்கவே நிற்காது. பேய் வருகிற இடத்தில் பின்வரிசையில் ஒருவன் ‘வாடா தம்பி’ என்று கத்தினால் மொத்த அரங்கும் சிரித்துவிடும். செவ்வாய்க்கிழமை காலையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அரங்குதான் உண்மையிலேயே திகில். சின்னவர்கள் இருந்தால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்லது. கூட்டம் இருக்கும், தள்ளுமுள்ளு இருக்காது. அதற்குள் படம் பார்த்த நாலு பேரிடம் விசாரித்தும் விடலாம்.

புக் செய்யும்போது மொழியையும் வடிவத்தையும் இரண்டு முறை பாருங்கள். ஒரே படத்துக்கு ஆங்கிலம் 2டி, ஆங்கிலம் 3டி, தமிழ் 2டி, தமிழ் 3டி, ஐமேக்ஸ் என்று அடுத்தடுத்து வரிசையாக இருக்கும், அவசரத்தில் விரல் மாறிவிடும். குடும்பத்தோடு என்றால் தமிழ் டப்பிங்கையே எடுங்கள். ஆங்கிலத்தில் பார்த்தால்தான் கௌரவம் என்கிற எண்ணத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற ஓட்டத்தில் சப்டைட்டில் படிக்கச் சின்னப் பிள்ளைக்கும் முடியாது, பாட்டிக்கும் முடியாது. நம் டப்பிங்காரர்கள் நடுநடுவே சொருகுகிற உள்ளூர்க் கிண்டல் பயத்தை நன்றாகவே தணிக்கும்.

3டி? மந்திரவாதிப் படத்தில் கட்டடங்கள் மடிந்து கவிழும் காட்சிகளுக்கு அது அழகு. ஆனால் கண்ணாடி போட்டால் படம் ஒரு படி இருட்டாகும், இருட்டான படத்தில் இருட்டு கூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன முகத்தில் அந்தக் கண்ணாடி நிற்காது, இரண்டு மணி நேரமும் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் மேல் இன்னொன்று. ஆகவே முதல் தடவை 2டி போதும். சென்னையில் வேளச்சேரி, வடபழனி ஐமேக்ஸ் திரைகள் பிரமாதம்தான், அவற்றுக்குப் பெரியவர்கள் தனியாகப் போங்கள். இருக்கை ஆடி, முகத்தில் தண்ணீர் தெளிக்கிற வகை அரங்குகளில் முதுகு வலி, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உட்காரக் கூடாது. பயந்த குழந்தைக்கும் அது வேண்டாம்.

இருக்கை: திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வரிசையின் ஓரத்தில் தொடங்கி உள்ளே நாலைந்து பேர். ஓரத்தில் ஒரு பெரியவர், அடுத்து சின்னவர், அடுத்து இன்னொரு பெரியவர். எழுந்து போக நேர்ந்தால் பத்துப் பேரின் கால்களைத் தாண்ட வேண்டாம். ஆனால் ஓரம் என்றதும் சுவரை ஒட்டிய இருக்கையை எடுத்துவிடாதீர்கள். பக்கச் சுவர்களில்தான் ஸ்பீக்கர்கள் வரிசையாக இருக்கின்றன, காதோரமே பேய் மூச்சு விடும். நடைபாதை ஓரம்தான் நமக்கு வேண்டிய ஓரம். பாட்டி வருவதாக இருந்தால் கதவு எந்த வரிசைப் பக்கம் திறக்கிறது என்று தெரிந்தவர்களிடம் கேட்டு, படி ஏற வேண்டாத வரிசையாகப் பாருங்கள்.

முந்தின நாள் ராத்திரி: கதையைச் சொல்லிவிடுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடுமாம். ரசிகருக்குப் போகும். பயப்படுகிறவருக்குக் கதை தெரிந்தால்தான் சுவாரசியமே வரும். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதானே பயம்?

ரசிகப் பையனிடம் விட்டால் முந்தைய இருபது படங்களின் வரலாற்றை ஆரம்பிப்பான். அவனைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தோசை ஊற்றுகிற நேரத்தில் முடிகிற அளவுக்கு நீங்களே சொல்லுங்கள். மாதிரிக்கு:

‘ஒரு பெரிய டாக்டர். கார் விபத்தில் கை போச்சு. நேபாளத்துக்குப் போய் மந்திரம் கத்துக்கிட்டார். இப்ப ஒரு பொண்ணு வருது, அது ஓர் உலகத்துல இருந்து இன்னோர் உலகத்துக்குத் தாவும். இன்னொரு அம்மா இருக்கா, பிள்ளைகளை இழந்தவ. வேற உலகத்துல அதே பிள்ளைகள் இருக்காங்கன்னு தெரிஞ்சு, அங்க போறதுக்காக இந்தப் பொண்ணோட சக்தியைப் பறிக்கப் பார்க்கறா. அவ கையில ஒரு கெட்ட மந்திரப் புத்தகம். அதை வச்சு, அந்த உலகத்துல இருக்கிற இன்னொரு அவளோட உடம்புக்குள்ள புகுந்துடறா.’

பாட்டி சட்டென்று சொல்வார்: ‘கூடு விட்டுக் கூடு பாயறது. விக்கிரமாதித்தன் பண்ணினதுதானே?’

அதேதான். பல்லுலகம், கனவு நடை என்றெல்லாம் படம் எவ்வளவு சுற்றி வளைத்தாலும், மாடு மேய்த்த மூலனின் உடலில் புகுந்த திருமூலர் கதை தெரிந்த வீட்டில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. உயிர் உடம்பை விட்டு வெளியே வந்து மிதப்பதையும் பாட்டியே பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஈரேழு பதினான்கு லோகம் என்று கேட்டு வளர்ந்தவருக்கு இன்னும் நாலு உலகம் கூடுதலாக வருவதில் என்ன கஷ்டம்? ‘பிள்ளைகளுக்காகத்தானே பண்றா, பாவம்’ என்று வில்லிக்காக அவர் வக்காலத்து வாங்கினால் தடுக்காதீர்கள். படமும் பாதி அதையேதான் சொல்கிறது.

கதையோடு சேர்த்து, பயங்கரமான இடங்கள் எவை என்பதையும் அடையாளத்தோடு சொல்லிவைக்க வேண்டும். ‘ஆரம்பத்திலேயே நடுரோட்டில் ஒற்றைக்கண் ஆக்டோபஸ் வரும், அதோட கண்ணைப் பிடுங்குவாங்க.’ ‘கடைசியில் செத்த உடம்பு எழுந்திருக்கும், அது நம்ம ஆள்தான், பயப்படாதே.’ இப்படி நாலைந்து இடம் போதும். அந்த இடம் வந்ததும் குழந்தையே உங்களை இடித்து, ‘இதுதானே நீ சொன்னது?’ என்று கேட்கும். இரண்டாவது இடத்துக்கு அது பயப்படாமல் காத்திருக்கும்.

முந்தைய படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டுமா என்றால், வேண்டாம். ஹீரோவின் முதல் படம் ஒன்று போதும். அதை வீட்டு டிவியில் வெளிச்சம் போட்டுப் பாருங்கள். யார் எந்தக் காட்சியில் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிறார் என்பதை அப்போது கவனித்துவைத்துக்கொள்ளலாம்.

பையில் என்ன வைப்பது

பாட்டிக்குச் சால்வை. ஏசி அரங்கில் இரண்டரை மணி நேரம் சும்மா இல்லை. பிள்ளைகளுக்குத் தலையில் போடும் தொப்பி வைத்த ஸ்வெட்டர். குளிருக்கும் ஆகும், வேண்டாத காட்சியில் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொள்ளவும் ஆகும். கையால் கண்ணைப் பொத்தினால் அண்ணன் கேலி செய்வான், தொப்பியை யாரும் கவனிக்க மாட்டார்கள். சத்தம் பிடிக்காத குழந்தைக்கு, ஹெட்போன் மாதிரி இருக்கும் காது மூடி ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், பட்டாசுக்கும் உதவும். பஞ்சு வைப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை.

வெளிச் சாப்பாட்டை அரங்குக்காரர்கள் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குத் தேவையானதைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே நல்லது. பாப்கார்ன் விலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: சூடான காபி டம்ளரையோ திறந்த குளிர்பானத்தையோ சின்னவர் கையில் கொடுக்காதீர்கள். முதல் அலறலில் முன்வரிசைக்காரர் சட்டையில் இருக்கும்.

உள்ளே: காதை மூடு

நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள், ஆனால் சின்னப் பிள்ளையை உடனே உள்ளே கூட்டிப்போக வேண்டாம். படத்துக்கு முன் ஓடும் முன்னோட்டங்களில் முழு நீளப் பேய்ப்படம் ஒன்றின் துண்டு வரும், அதற்குக் கதை சொல்லி யாரும் தயார்படுத்தியிருக்க மாட்டோம். புகையிலை எச்சரிக்கையில் வருகிற வாய்ப்புண்ணைப் பார்த்து அழுத குழந்தைகள் எத்தனையோ. ஒருவர் உள்ளே போய் உட்காரட்டும். சான்றிதழ் திரையில் வரும் சமயத்தில் போனில் கூப்பிட்டால் போதும்.

இனி முக்கியமான விஷயம். பயந்தால் எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். கண்ணை மூடினால் பயம் கூடும். ஏனென்றால் இந்தப் படங்களில் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் சத்தம்தான். உருவம் அரை நொடிதான் வரும். அதற்கு முன் இசை மெல்லத் தேயும், பேச்சு நிற்கும், அரங்கில் ஏசியின் உறுமல் மட்டும் கேட்கும். பாத்திரம் முதுகைக் காட்டிக்கொண்டோ கண்ணாடி முன்னாலோ நிற்கும், அதன் ஒரு பக்கம் காலியாக விட்டிருப்பார்கள். பிறகு படார். நெஞ்சில் இடிக்கிற அந்த அதிர்வு, திரைக்குப் பின்னால் இருக்கிற பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது. கண்ணை மூடியவருக்கு அந்தச் சத்தம் முழுசாக வந்து சேரும், உருவத்தை அவரே கற்பனையில் இன்னும் கோரமாக வரைந்துகொள்வார்.

காதை இறுகப் பொத்திக்கொண்டு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதே காட்சி பொம்மலாட்டம் மாதிரி ஆகிவிடும். வீட்டிலேயே ஒருமுறை டிவியில் ஒரு திகில் காட்சியைச் சத்தத்தோடும், பிறகு சத்தமே இல்லாமலும் போட்டுக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும். அப்புறம் அதற்கே ஒரு விளையாட்டு கிடைத்த மாதிரி. இசை தேய்ந்ததும், ‘இப்ப வரும் பாரு’ என்று உங்கள் காதில் சொல்லும். காலியான பக்கம் எது என்று தேட ஆரம்பித்துவிட்டால் பிறகு அதைப் பயமுறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

வெளியே போக ஒரு சைகையும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். விரலை இரண்டு முறை அழுத்தினால் எழுந்து போகிறோம், அவ்வளவுதான். கேள்வி கேட்கக் கூடாது, ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ கூடாது. யார் கூட்டிக்கொண்டு போவது என்பதையும் முன்பே தீர்மானித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் அம்மாவும் அப்பாவும் கண்ணாலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். டிக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் திரும்ப வருவதில் தகராறு இருக்காது. வெளியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, ‘போலாமா?’ என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எழுந்து போகலாம் என்று தெரிந்திருந்தாலே பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து போவதில்லை.

‘ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா’ என்கிற பேச்சை அன்றைக்கு ஒரு நாளாவது வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். மாமாக்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

இடைவேளையும் அதற்குப் பின்னாலும்

ஹாலிவுட் படத்தில் இடைவேளைக்கென்று இடம் விட்டு எடுப்பதில்லை. நம் ஊரில் நடுவில் எங்கேயோ வெட்டிவிடுவார்கள். ஒருவர் வாயைத் திறக்கும்போது விளக்கு எரியும், திரும்ப வந்தால் மிச்ச வசனத்தைப் பேசுவார். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 126 நிமிடம், ஒரு மணி நேரத்தை ஒட்டி இடைவேளை என்று வைத்துக்கொள்ளலாம். கழிவறைக்கு எல்லோரையும் கட்டாயம் அனுப்புங்கள், வரவில்லை என்றாலும் சரி. இரண்டாம் பாதியில்தான் அந்த அம்மா, அதாவது சூனியக்காரி, வேகம் எடுப்பாள். சின்னவரிடம், ‘இதுவரைக்கும் எது பிடிச்சது?’ என்று கேளுங்கள். ‘பயமா இருக்கா?’ என்று கேட்டால், இல்லாத பயமும் வந்துவிடும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மற்றவர்கள் எழுந்தாலும் நீங்கள் எழ வேண்டாம். ‘முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு உட்கார்ந்திருக்கோம்?’ என்று பாட்டி நிச்சயம் கேட்பார். சில நிமிடத்தில் ஒரு குட்டிக் காட்சி வரும், அது அடுத்த படத்துக்கான தூண்டில். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு இன்னொன்று வரும், பெரும்பாலும் தமாஷ். பயந்துபோன பிள்ளை சிரித்துக்கொண்டு வெளியே வர அந்தக் கடைசித் தமாஷ் நல்ல மருந்து. ஆனால் கூட்டிப் பெருக்குகிறவர்கள் வாளியோடு காத்திருப்பார்கள், விளக்கையும் போட்டுவிடுவார்கள். பாட்டிக்கு முட்டி மடக்க முடியவில்லை என்றால் முதல் காட்சியோடு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம், மீதியை ரசிகர் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். எப்படியும் சொல்லாமல் விட மாட்டான்.

அன்றைய ராத்திரி

வீடு வந்து சேர்ந்தவுடன் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரித்தான் தெரியும். பயம் பல் தேய்க்கப் போகும்போது வரும், முக்கியமாக குளியலறைக் கண்ணாடி முன்னால். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் தர்க்கம் பேசாமல் கூடவே போய் நில்லுங்கள், அன்றைக்கு நடுவில் படுக்க வையுங்கள், ஒரு விளக்கு எரியட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் படம் எடுத்த விதத்தைக் காட்டும் வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கும். பச்சைத் துணிக்கு முன்னால் நடிகர் ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு, வெறுங்கையை வீசி மந்திரம் போடுவதைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிக்கும். ஒற்றைக்கண் ஆக்டோபஸை வரையச் சொல்லி, அதற்கு மீசையும் கூலிங்கிளாஸும் வைக்கச் சொல்லுங்கள். அதையும் தாண்டிப் பயம் இருந்தால் பாட்டி திருநீறு பூசிவிட்டு, ‘எந்தப் பேயும் வராது, நான் பார்த்துக்கறேன்’ என்பார். பகுத்தறிவுப் பாடத்தை மறுநாள் காலை நடத்திக்கொள்ளலாம், அன்றைக்குக் குறுக்கே போகாதீர்கள்.

இரண்டு மூன்று நாளில் அதே பிள்ளை காமிக்ஸ் கேட்டு வரும். ஆங்கிலத்தில் வாங்கினால் செலவு அதிகம், சில இதழ்கள் பெரியவர்களுக்கானவையும்கூட. தமிழில் சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இருக்கின்றன. முத்து காமிக்ஸ் 1972-இல் தொடங்கியதே, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற மாயாவியோடுதான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் அவர்கள் அரங்கில் பேரனுக்கு முன்னால் தாத்தா நின்றுகொண்டிருப்பார், தனக்கு வாங்க.